முதலிரவுச் சலுகை

"முதலிரவுன்னு எழுதிப் போட்டிருந்தா, அறுபது வயசு ஆளு எப்படிங்க வந்து விசாரிப்பான்?" என்றார் ஓய்வு பெற்ற குமாஸ்தா.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்மணி பேனாவை மூடி வைத்தாள். கப்பலின் பன்னிரண்டாம் தளத்தில் இருந்த ஸ்பெஷல் ரெஸ்டாரன்டில் யாருக்கு எந்த மேஜை என்று பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. கப்பல் கிளம்பி இரண்டாம் நாள் காலை. அவள் இன்னும் காபிகூடக் குடித்து முடிக்கவில்லை.

"சார், கப்பல் கிளம்பின முதல் நாள் இரவு. அன்னைக்கு யார் வந்து சாப்பிட்டாலும் முப்பது சதவீதம் தள்ளுபடி. அதைத்தான் போட்டிருக்கோம்."

"நடுவுல இடம் விட்டு 'முதல் இரவு'ன்னு எழுதினா அது ஒண்ணு. சேர்த்து 'முதலிரவு'ன்னு எழுதினா அது வேற ஒண்ணு. நீங்க சேர்த்து எழுதியிருக்கீங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வாசலில் இருந்த பலகையில் நான்கு மொழிகளில் அறிவிப்பு. தமிழில் 'முதலிரவுச் சலுகை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒற்று மிகுந்து, இலக்கண சுத்தமாக இருந்ததுதான் வினை. முந்தின நாள் மாலை அந்தப் பலகையைப் பார்த்ததும் குமாஸ்தா கூச்சப்பட்டு, மனைவியின் கண்ணில் படாதபடி குறுக்கே நின்று, அவளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்து கேபின் பல் டாக்டர் காலையில் விஷயத்தை விளக்கிய பிறகுதான் முப்பது சதவீதம் கைநழுவியது தெரிந்தது.

"உங்க எழுத்தால பாதிக்கப்பட்டவன் நான். சலுகையை இன்னைக்கும் நீட்டிச்சுத் தரணும்."

"நேத்து நேத்தோட போச்சு சார்."

"முப்பத்திநாலு வருஷம் தள்ளுபடி எழுதிக் கொடுத்தவன்மா நான்."

"கடை வச்சிருந்தீங்களா?"

"கோர்ட்டுல குமாஸ்தா. மனுக்கள் மேல எழுதுவேன்."

"அப்ப உங்க மனுவும் தள்ளுபடி சார்," என்றாள் பெண்மணி, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

தீர்ப்பு சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. தொழில் தெரிந்தவர் என்ற முறையில் குமாஸ்தா அதை மனசுக்குள் பாராட்டிவிட்டுத்தான் படி இறங்கினார்.

அவர் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. ஐந்து இரவு கப்பல் பயணம் மகள் கொடுத்த பரிசு. அறை, பஃபே சாப்பாடு, மேல்தளத்தில் காற்று எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். ஸ்பெஷல் ரெஸ்டாரன்டுக்கு மட்டும் தனிக் கட்டணம். ஓசியில் ஒரு சாப்பாடு கிடைக்கும்போது காசு கொடுத்து இன்னொரு சாப்பாடு எதற்கு என்பது குமாஸ்தாவின் கட்சி. ஆனால் முந்தின நாள் பஃபேயில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது.

அவர் மனைவி ஒரு பள்ளி விடுதியில் முப்பது வருஷம் சமையல் பொறுப்பில் இருந்தவள். தினமும் இருநூறு பிள்ளைகள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிச்சம் இருந்ததை, ஆறியதை, அடுப்பு மேடையில் சாய்ந்தபடி நின்று சாப்பிட்டே பழகியவள். வீட்டிலும் அதே கதைதான். பஃபேயில் தட்டைக் கையில் கொடுத்ததும் அவளுக்கு அது சாப்பிடும் இடமாகவே படவில்லை. சூப் சிந்திய இடத்தைத் துடைத்தாள். கரண்டிகளை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தாள். வரிசையில் நின்ற ஒருவர், "இன்னும் ரொட்டி வருமாம்மா?" என்று கேட்டதற்கு, "அஞ்சு நிமிஷம் பொறுங்க தம்பி, வருது," என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே போய் விசாரித்தும் வந்தாள். அவள் தன் தட்டோடு வந்து உட்கார்ந்தபோது குமாஸ்தா ஐஸ்க்ரீமில் இருந்தார்.

"அஞ்சு நாள்ல ஒரே ஒரு நாள் நான் உட்காரணுங்க," என்றாள் அவள், ஆறிப்போன சூப்பைக் கலக்கிக்கொண்டே. "யாரோ சமைச்சு, யாரோ கொண்டுவந்து, சூடா என் முன்னாடி வைக்கணும். நான் எந்திரிக்கவே கூடாது. மேல பன்னெண்டாவது தளத்துல அப்படித்தானாம்."

குமாஸ்தா ஐஸ்க்ரீம் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். மனைவிக்காக உயிரைக் கொடு என்று யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். முழு விலையைக் கொடு என்றால்தான் கொஞ்சம் யோசிப்பார். செருப்பிலிருந்து மூக்குக் கண்ணாடி வரை அவர் வாழ்க்கையில் எதையும் போட்ட விலைக்கு வாங்கியதில்லை. அது கஞ்சத்தனம் இல்லை, கொள்கை என்று அவர் சொல்லுவார். மகள் வேறு வார்த்தை சொல்லுவாள்.

"உட்கார வைக்கிறேன். கப்பலை விட்டு இறங்கறதுக்குள்ள உன்னை அங்க உட்கார வைக்கிறேன். குறைச்ச விலையில."

"முழு விலையே கொடுத்துட்டாத்தான் என்னங்க?"

"அதெல்லாம் முடியாது."

"சரி, கொடுத்தாச்சுன்னே வச்சுக்கோங்களேன்."

"வச்சுக்கவே முடியாது," என்றார் குமாஸ்தா. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சூப்பைக் குடித்தாள்.

இதுதான் வழக்கின் பின்னணி. முதல் மனு தள்ளுபடியான செய்தியை அவர் கேபினுக்கு வந்து சொன்னபோது மனைவி வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"அதுக்கென்ன. கடைசி ராத்திரி போய்க்கலாம்," என்றாள்.

பெருந்தன்மையான பொம்பளை, மனசுக்குள் போட்டுப் பூட்டிக்கொள்கிறாள் என்று குமாஸ்தாவுக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

பல் டாக்டர் கை கொடுத்தார். அவருக்கு இது ஆறாவது கப்பல். எந்தத் தளத்தில் எந்த நேரத்தில் எது மலிவு என்று மூச்சு விடாமல் சொல்லுவார்.

"நாளைக்குக் கப்பல் துறைமுகத்துல நிக்குது. எல்லாரும் ஊர் பார்க்க இறங்கிடுவாங்க. மேல ஈ ஓட்டிட்டு இருப்பாங்க. மத்தியானம் போனீங்கன்னா பாதி விலை."

மறுநாள் கப்பலே இறங்கி ஊருக்குள் போயிற்று. மனைவிக்கும் அங்கே இருந்த கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறிப் பார்க்க ஆசை. குமாஸ்தா தடுத்துவிட்டார். பன்னிரண்டரை மணிக்கு இரண்டு பேரும் குளித்து, தலை வாரி, பன்னிரண்டாம் தளத்துக்குப் போனார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் மதியம் கிடையாதாம். பல் டாக்டர் சொன்னது போன வருஷத்துக் கப்பலைப் பற்றி.

"சரி வா, பஃபேக்கே போயிடலாம்."

ஆள் இல்லாத நாள் என்பதால் பஃபேயை மூடிவிட்டுத் தரையை அலம்பிக்கொண்டிருந்தார்கள். காசு போட்டால் பொட்டலம் விழும் இயந்திரம் ஒன்றுதான் திறந்திருந்தது. அதில் இரண்டு பிஸ்கட் பொட்டலம் எடுத்து, மேல்தளக் கம்பியில் சாய்ந்தபடி நின்று சாப்பிட்டார்கள். தூரத்தில் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் யாரோ கை அசைப்பது தெரிந்தது. பல் டாக்டராகத்தான் இருக்கும்.

"இன்னைக்கும் நின்னுட்டே சாப்பிட வச்சுட்டேன்," என்றார் குமாஸ்தா.

"காத்து நல்லா இருக்கில்ல," என்றாள் மனைவி.

நான்காம் நாள் இன்னொரு வழி கிடைத்தது. காலையில் நாடக அரங்கில் சமையல் செய்து காட்டுவார்கள், கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குப் பாதி விலைக் கூப்பன். குமாஸ்தா இந்த முறை முன்கூட்டியே போய், எல்லா விதிகளையும் படித்து, முன்வரிசையில் இடம் பிடித்தார்.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்து பாரு. அதுக்குத்தான் கூப்பன்."

அவள் உட்கார்ந்தாள். தலைமைச் சமையல்காரர் மேடையில் ஒரு வெங்காயத்தை எடுத்து, கத்தியின் சரித்திரத்தைச் சொல்லி, ஒரு கீற்று நறுக்கி, சபையைப் பார்த்துச் சிரித்தார். இன்னொரு கீற்று நறுக்கினார். முப்பது வருஷம் விடியற்காலையில் மூட்டை வெங்காயம் நறுக்கிய கைகள் மடியில் துடித்தன. மூன்றாவது கீற்றில் அவள் எழுந்துவிட்டாள்.

"இப்படிக் கொடுங்க தம்பி. பிள்ளைங்க பசியோட இருக்காங்க."

எந்தப் பிள்ளைகள் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த முக்கால் மணி நேரம் அவள் நறுக்கினாள், வதக்கினாள், கிளறினாள், உப்புப் பார்த்தாள். அறுபது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். சமையல்காரர் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். கூப்பன் மட்டும் கொடுக்கவில்லை.

"உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத்தான் கூப்பன்னு விதி. அம்மா பார்க்கலையே, செஞ்சாங்க."

விதி என்றால் குமாஸ்தா எதிர்த்துப் பேச மாட்டார். அவருடைய ஒரு கூப்பன் இருந்தது. வெளியே வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், அது பன்னிரண்டாம் தளத்துக்கு இல்லை. ஆறாம் தளத்தில் பச்சை மீன் பரிமாறும் இன்னொரு ரெஸ்டாரன்டுக்கு.

"பச்சையா ஒண்ணைக் கொண்டுவந்து வச்சா, நான் எடுத்துட்டுப் போய் அடுப்புலதான் வைப்பேன்," என்றாள் மனைவி.

கூப்பனைப் பல் டாக்டர் வாங்கிக்கொண்டார்.

கேபினில் அவள் கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்தாள். நின்று நின்று வீங்கியிருந்தது. ஓய்வெடுக்க வந்த இடத்தில் அறுபது பேருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். எல்லாம் தன்னால் என்று நினைத்தபோது குமாஸ்தாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"விடுங்க. நாளைக்குத்தானே கடைசி ராத்திரி," என்றாள் அவள். அதைச் சொல்லும்போது சிரித்தும் வைத்தாள். அந்தச் சிரிப்பு அவரை என்னவோ செய்தது.

கடைசி நாள் காலையில் அவர் பல் டாக்டரை நடைக்கூடத்திலேயே மடக்கினார்.

"ஒரே ஒரு வழிதான் பாக்கி," என்றார் டாக்டர். "விசேஷ நாள். பயணத்துக்குள்ள கல்யாண நாள் வந்தா பாதி விலை. கேக் இனாம்."

"எங்க கல்யாண நாள் அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி."

"இருபது நாள் முன்னாடி கொண்டாடினா கல்யாணம் செல்லாமப் போயிடுமா?"

குமாஸ்தா தலையை ஆட்டி மறுத்தார். கல்யாண நாள் என்பது அவர் விளையாடுகிற விஷயம் இல்லை. ஒன்பதாம் தேதி, பதிவெண், தொகுதி, பக்கம் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை. ஒவ்வொரு ஒன்பதாம் தேதியும் காலையில் காபிக்கு முன்னால் ஒரு பூங்கொத்தோடு போய் நிற்பார். அவளும் "ம்" என்று வாங்கித் தண்ணீரில் வைப்பாள். எத்தனை புருஷன்மாருக்கு இந்த ஞாபகம் இருக்கும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையே உண்டு. அந்தத் தேதியை மாற்றிச் சொல்வதாவது.

பிறகு அந்தக் கணுக்கால் ஞாபகம் வந்தது.

பன்னிரண்டாம் தளத்துக்குப் போய் விண்ணப்பத்தை வாங்கினார். விசேஷம்: திருமண நாள். தேதி: இன்றைய தேதி. கையெழுத்துப் போடும்போது அவருடைய கையெழுத்தே கள்ளக் கையெழுத்து மாதிரி விழுந்தது.

பெண்மணி விண்ணப்பத்தை வாங்கினாள். பதிவேட்டைப் புரட்டி விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கேபின் எழுநூத்திப் பதினாலா?"

"ஆமா."

"இன்னைக்குத்தான் கல்யாண நாளா?"

"இன்னைக்கேதான்."

"நீங்களே ஞாபகம் வச்சு எழுதினீங்களா சார்?"

குறுக்கு விசாரணை என்றால் என்ன என்று குமாஸ்தாவுக்கு அன்றுதான் புரிந்தது. இத்தனை வருஷம் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டதோடு சரி. "என் கல்யாணத்தை நான் எழுதாம?" என்று குரலை உயர்த்தினார்.

நான்கு நாளாக முகத்தில் கோடு அசையாத அந்தப் பெண்மணி வாய் நிறையச் சிரித்தாள். "ரொம்ப சந்தோஷம் சார். ஏழரைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

"பணம் இப்பவே கட்டிடட்டுமா?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

சிரித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாள், கையும் களவுமாகப் பிடிப்பதற்காகத்தான் விட்டுப் பிடிக்கிறாள் என்று தோன்றியது.

அதைவிடப் பெரிய கவலை மனைவி. அவளிடம் இதைச் சொல்லவே முடியாது. ஐந்து வயதுக்குள் இருந்தால் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம் என்று இருந்த காலத்தில், "பாப்பாவுக்கு நாலு முடியலைங்க," என்று அவர் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அஞ்சு முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு," என்று பின்னாலிருந்து திருத்தியவள் அவள். மகளுக்கே அந்தக் கதை மனப்பாடம். 'சும்மா சலுகை கிடைத்தது' என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று திட்டம் போட்டபடி கேபின் கதவைத் திறந்தார்.

கட்டிலின் மேல் துண்டால் மடித்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. சுற்றிலும் பூ. அறையைச் சுத்தம் செய்கிற ஆள், நரைத்த மீசைக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கல்யாண நாள் வாழ்த்துகள்மா. சாரே எழுதிக் கொடுத்தாராமே. மேலேர்ந்து போன் வந்துச்சு."

அவர் வெளியே போனார். மனைவி மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீங்களா எழுதிக் கொடுத்தீங்க?"

"ஆமா."

"இன்னைக்குன்னு தேதி போட்டு?"

"தேதி போட்டுத்தான்."

குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸில் வந்த மாதிரி ஒரு திருத்தத்தை எதிர்பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், அவள் ஒரு அன்னத்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்னம் கழுத்து அவிழ்ந்து வெறும் துண்டாகியிருந்தது.

"அழறியா?"

"இல்லையே," என்று மூக்கை உறிஞ்சினாள். எழுந்து பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து கருநீலப் பட்டுப் புடவையை எடுத்தாள். அதற்கும் அடியிலிருந்து, அவருக்கு இஸ்திரி போட்ட புதுச் சட்டை.

"இதெல்லாம் எப்ப எடுத்து வச்ச?"

"இருக்கட்டுமேன்னுதான்," என்றாள்.

முதலில் அவருக்கு அப்பாடா என்று இருந்தது. பெண்டாட்டி பிடிவாதத்தை விட்டுவிட்டாள், காட்டிக்கொடுக்க மாட்டாள். சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான் இன்னொன்று உறைத்தது. முப்பத்தோரு வருஷம் ஒரு பொய் சொல்லாதவள். ஒரு வேளைச் சூடான சாப்பாட்டுக்காக அவளை உடந்தையாக்கிவிட்டார்.

ஏழரைக்குக் கண்ணாடி ஓரத்து மேஜை தயாராக இருந்தது. பரிமாறுபவர் நாற்காலியை இழுத்துக் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். மூடிய தட்டு வந்தது; மூடியைத் தூக்கியதும் ஆவி அவள் முகத்துக்கு நேராக எழுந்தது.

"சூடா இருக்குங்க," என்றாள், ஏதோ ரகசியம் சொல்கிற குரலில்.

முதல் தட்டு முடிந்ததும் வழக்கப்படி இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப் போனாள். "நீங்க கை வைக்கக் கூடாதும்மா," என்று பரிமாறுபவர் மெல்ல வாங்கிக்கொண்டார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே என்ன செய்வது என்று அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்த குமாஸ்தாவுக்கு, பொய் சொன்னாலும் பரவாயில்லை, பத்துப் பொய் சொல்லலாம் என்று இருந்தது.

அந்தத் தைரியம் கேக் வரும்வரை தாங்கியது. கேக்கோடு வயலின்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் பல் டாக்டர் தம்பதி வந்து எல்லோரையும் கைதட்ட வைத்தார்கள். அதற்கும் பின்னால், வெள்ளை உடுப்பில், கப்பலின் கேப்டனே வந்து நின்றார்.

"அம்மா ரெண்டு வார்த்தை பேசணும்," என்றார் கேப்டன்.

குமாஸ்தா மேஜை விரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனைவி எழுந்தாள்.

"அன்னைக்கு நல்ல மழை," என்று ஆரம்பித்தாள். "காலையிலேர்ந்து விடாம. வந்தவங்க எல்லாருக்கும் கால்ல சேறு. இவர் புதுச் செருப்பைக் கையில தூக்கிட்டு வந்தாரு, நனைஞ்சா வீணாயிடும்னு. வெறுங்காலோட நின்னுதான் கட்டிக்கிட்டாரு. செருப்பு பாதி விலையில வாங்கினதாம்." கூடம் சிரித்தது. "இதே தேதிதான். இந்த நாளை அவரே எழுதிக் கொடுத்தாருன்னு காலையில கேட்டப்போ..." அங்கே நிறுத்திவிட்டாள். உட்கார்ந்துவிட்டாள்.

குமாஸ்தா அசந்துபோனார். எத்தனையோ பொய்ச்சாட்சிகளைப் பார்த்தவர் அவர். மழையும் செருப்பும் உண்மை; தேதி மட்டும் பொய். உண்மையைக் கொண்டுவந்து பொய்யின் மேல் அடுக்குவது கைதேர்ந்த சாட்சிகள் செய்கிற வேலை. 'இதே தேதிதான்' என்று சொன்னபோது அவள் கண் சிமிட்டக்கூட இல்லை. ஐந்தே நாளில் இந்தக் கப்பல் அவளை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

கேப்டன் அதோடு விடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தடித்த காகிதத்தை எடுத்தார். 'இத்தம்பதியர் தங்கள் முப்பத்தோராவது திருமண நாளை இத்தேதியில் இக்கப்பலில் கொண்டாடினர் எனச் சான்றளிக்கிறேன்.' கீழே கையெழுத்து. கையெழுத்தின் மேல் உருண்டையாக ஒரு முத்திரை.

வாய்ப்பேச்சுப் பொய்யை அவர் எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பார். முத்திரை குத்திய பொய்யை எப்படிப் பொறுப்பது?

மனைவி அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்து, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதை ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டணுங்க."

"ஹால்லதான் ரிஜிஸ்டர் ஆபீஸ் சர்டிஃபிகேட் மாட்டியிருக்கே."

"அதைக் கழட்டிடலாம்."

குமாஸ்தாவுக்கு அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை. "கை கழுவிட்டு வரேன்," என்று எழுந்தார்.

நேராக வாசல் மேஜைக்கு வந்தார். ஒரு உணவுப் பட்டியலை எடுத்து, அதன் பின்பக்கத்தில், பழகிய கையால் வேகமாக எழுதினார். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், இன்று என் திருமண நாள் எனத் தவறான தகவல் அளித்துச் சலுகை பெற்றேன். என் மனைவிக்கு இக்குற்றத்தில் பங்கில்லை. முழுக் கட்டணத்தையும் வசூலித்து, சான்றிதழை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.' முழுக் கட்டணம் என்ற வார்த்தையை எழுதும்போது பேனா தடுமாறவே இல்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

பெண்மணி நிதானமாகப் படித்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"இனிமேதான். எனக்காக அவ அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்லிட்டு உட்கார்ந்திருக்காம்மா. பொய்யே சொல்லத் தெரியாதவ. போய், 'போதும், எனக்காக இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம், இன்னைக்குக் கல்யாண நாள் இல்லைன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன்'னு சொல்லப் போறேன். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பர்ஸைத் திறந்து முழுப் பணத்தையும் மேஜையில் வைத்தார். பெண்மணி அதைத் தொடவில்லை. பதிவேட்டைப் புரட்டி, ஒரு வரியின் மேல் விரலை வைத்து, அவர் பக்கமாகத் திருப்பினாள். உருண்டை உருண்டையாக, அவருக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

"கப்பல் ஏறின அன்னைக்கே அம்மா வந்து இன்னைய தேதிக்கு முழுப் பணமும் கட்டிட்டாங்க சார். 'கல்யாணம் நடந்தது இந்தத் தேதி, அவருக்கு ரிஜிஸ்டர் பண்ண தேதிதான் தெரியும், முப்பத்தோரு வருஷமா என்னைக்காவது ஞாபகம் வராதான்னு பார்த்துட்டு இருக்கேன்'னாங்க. அதனால உங்க மனு தள்ளுபடி. போய் உட்காருங்க, உண்மையைச் சொல்லி எல்லாத்தையும் கெடுத்துடாதீங்க."